ஒரே நாளில் கொழும்பு: வந்த சொந்தங்களைக் களைக்கப் பண்ணாமல் சுற்றிக் காட்டுவது எப்படி

ஆடி, ஆவணி வந்தால் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையே வேறு மாதிரி ஆகிவிடும். நல்லூர்த் திருவிழாவுக்கென்று கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிற சனம் யாழ்ப்பாணம் போக முன்னம் ரெண்டு மூன்று நாள் கொழும்பில் தங்கும், தங்கினால் "கொழும்பைக் கொஞ்சம் காட்டுங்கோவன்" என்று கேட்கும், கேட்டால் வீட்டில் எல்லாருடைய கண்ணும் என் பக்கம் திரும்பும். இத்தனை வருசத்தில் எத்தனை தரம் போயிருப்பேன் என்று கணக்கில்லை. உங்கள் வீட்டுக்கும் யாராவது வரப்போகிறார்கள் என்றால், இதை வாசித்துவிட்டு வெளிக்கிடுங்கள்.

முதல் தடவை நான் விட்டது எல்லாரும் விடுகிற பிழைதான். பெரியம்மா, அத்தான், அவருடைய ரெண்டு பிள்ளைகள் என்று ஒரு கூட்டம் வந்தபோது, வான், வழிகாட்டி, சாப்பாடு எல்லாம் சேர்த்து முழுநாள் சுற்றுலா ஒன்றைப் பேசி எடுத்தேன். பட்டியலில் 14 இடம் இருந்தது. நடந்தது என்னவென்றால், நூதனசாலைக்கு 25 நிமிடம், இரத்தினக்கல் கடைக்கு ஒரு மணித்தியாலம், வாசனைத் திரவியக் கடைக்கு அரை மணித்தியாலம், புறக்கோட்டையை வான் கண்ணாடிக்குள்ளால் ஒரு பார்வை. மத்தியானம் ஒரு மணிக்கு, ஒரு சாண் நிழல்கூட இல்லாத காலி முகத்திடலில் கொண்டுபோய் இறக்கினார்கள். பெரியம்மா இறங்கவே இல்லை. "நீங்கள் பார்த்திட்டு வாங்கோ, நான் இந்த ஏசிக்குள்ள இருக்கிறன்" என்று சொல்லிவிட்டார். பேசிய காசைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு விளங்கியது, கொழும்பில் வெயிலைப் பார்த்துத்தான் நாளைப் பிரிக்க வேண்டும். காலையில் நடை, உச்சி வெயிலில் கூரைக்குக் கீழே, பின்னேரம் கடற்காற்று. இந்த மூன்றையும் மாற்றாமல் வைத்துக்கொண்டு இடங்களை அதற்குள் போடுங்கள். ஐந்தாறு இடம் போதும், மிச்சம் வழியில் தானாக வரும்.

வழிகாட்டியை எப்படிப் பிடிப்பது

முழுநாளுக்கு வழிகாட்டி தேவையே இல்லை என்பது என் கட்சி. காலையில் கோட்டை, புறக்கோட்டை நடைக்கு மட்டும் பிடியுங்கள், ஏனென்றால் அங்கேதான் கண்ணுக்குத் தெரியாத விசயம் அதிகம். சொல்ல ஆள் இல்லாவிட்டால் அது வெறும் பழைய கட்டடங்களும் பஸ் புகையும்தான். நூதனசாலையில் பலகைகளில் தமிழும் இருக்கிறது, பூங்காவுக்கும் கடற்கரைக்கும் வழிகாட்டி எதற்கு?

இலங்கையில் சுற்றுலா வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை. அதில் தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, குறிப்பிட்ட பிரதேசத்துக்கான வழிகாட்டி, குறிப்பிட்ட இடத்துக்கான வழிகாட்டி என்று நாலு வகை உண்டு. சாரதி வழிகாட்டி என்றால் வாகனமும் அவரே ஓட்டுவார். அது கண்டி, சிகிரியா போக நல்லது, புறக்கோட்டைக்குச் சரிவராது, ஏனென்றால் அவர் வாகனத்தை நிறுத்த இடம் தேடுவாரா, உங்களோடு நடப்பாரா? படம் போட்ட அடையாள அட்டை இருக்கும், காட்டச் சொல்லுங்கள், காலாவதித் திகதியையும் பாருங்கள். நல்ல ஆள் இதற்குக் கோபிக்க மாட்டார்.

மொழி விசயத்தில் கவனம். ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு கதைக்கிற வழிகாட்டிகள் தாராளமாகக் கிடைப்பார்கள், தமிழில் கதை சொல்லக்கூடியவர் குறைவு. "தமிழ் தெரியும்" என்று சொல்வார்கள், நேரில் பார்த்தால் வணக்கம், சாப்பிட்டாச்சா என்பதோடு நின்றுவிடும். அதனால் குறுஞ்செய்தியோடு விடாமல் தொலைபேசி எடுத்து அஞ்சு நிமிடம் தமிழிலேயே கதையுங்கள். கோட்டைக்கு ஏன் கோட்டை என்று பெயர், மதில் எங்கே போனது என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், பதில் சொல்கிற விதத்திலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

காசு பேசும்போது எத்தனை மணித்தியாலம், எத்தனை பேர், நுழைவு டிக்கெட் அதற்குள் அடங்குமா என்பதைக் கேளுங்கள். அப்புறம் முக்கியமான ஒன்று: "கடை ஒன்றுக்கும் போக வேண்டாம்." இதை வாயால் சொல்வது போதாது, எழுதி அனுப்பி, அவர் சரி என்று பதில் போட்ட பிறகு முற்பணம் கொடுங்கள். கடைக்காரரிடம் தரகு வாங்குவது இந்தத் தொழிலில் பழைய பழக்கம், அதைச் சொல்லி யாரையும் திட்டிப் பிரயோசனமில்லை, முதலிலேயே கதவைச் சாத்திவிட வேண்டும்.

இன்னொரு கூட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். காலி முகத்திடல் பக்கம் கமராவோடு நிற்கிற உங்கள் மருமகனிடம் நல்ல உடுப்புப் போட்ட ஒருவர் வந்து, "எந்த நாடு? இன்றைக்குக் கோயிலில் யானைத் திருவிழா, இன்றைக்கு மட்டும்தான்" என்பார். தயாராக ஒரு ஆட்டோவும் பக்கத்தில் நிற்கும். கங்காராம விகாரையின் நவம் பெரஹரா நடப்பது பெப்ரவரிப் பக்கம். ஆகஸ்ட் மாதத்தில் ஒருவர் அங்கே யானை காட்டுகிறேன் என்றால் அவர் காட்டப்போவது இரத்தினக்கல் கடை. பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே சொல்லிவையுங்கள்.

எந்த நாள்

சனிக்கிழமை. காலை ஏழு மணிக்குக் கோட்டையில் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டையில் அநேகமான கடைகள் பூட்டு, கட்டடங்களைப் படமெடுக்க நல்லது, ஆனால் நாட்டாமைகள் (சுமை தூக்குகிறவர்கள்) வண்டி இழுக்காத, "பக்கம் பக்கம்" என்று கத்தாத புறக்கோட்டையைப் பார்த்துவிட்டு வந்தவர் புறக்கோட்டை பார்த்ததாகச் சொல்ல முடியாது. கிழமை நாளில் போனால் லொறிக்குள் மாட்டுவீர்கள். சனிக்கிழமை ஏழு மணி என்றால் முதல் ஒன்றரை மணித்தியாலம் தெரு உங்களுக்கு, அதற்குப் பிறகு கடைகள் ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்கச் சத்தம் ஏறும், இரண்டையும் பார்த்த மாதிரி இருக்கும். போயா (பௌர்ணமி) நாளைத் தவிருங்கள், நூதனசாலை பூட்டியிருக்கும்.

தேசிய அடையாள அட்டை எல்லாரும் கொண்டுபோக வேண்டும். கோட்டையில் ஜனாதிபதி மாளிகைப் பக்கம் பொலிஸ் கேட்கக்கூடும், சில வேளை வீதியையே மூடியிருப்பார்கள். இன்னொரு காரணம், நூதனசாலையிலும் தாமரைக் கோபுரத்திலும் உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு அதைவிடப் பலமடங்கு. இரட்டைக் குடியுரிமை எடுத்த அத்தான்மார் அடையாள அட்டையை யாழ்ப்பாணத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்து டிக்கெட் ஜன்னலில் நின்று வாதாடுவதை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்.

தொப்பி, குடை, தண்ணீர். பெரியவர்களுக்கு ஒரு சோடி தடித்த காலுறை. இது ஏன் என்று கோயிலில் தெரியும்.

காலை: கோட்டை

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கமிருந்து காலி வீதியால் வருகிறவர்களுக்கு 100ஆம் இலக்க பஸ் போதும், பெரியவர்கள் இருந்தால் செயலியில் ஆட்டோ கூப்பிடுங்கள், ஒரு ஆட்டோவில் மூன்று பேர்தான், நாலாவது ஆளை மடியில் வைக்காதீர்கள். சத்தாம் வீதிச் சந்தியில் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்குங்கள்.

அந்தக் கோபுரத்திலிருந்தே கதையைத் தொடங்கலாம். 1857இல் மணிக்கூட்டுக்காகக் கட்டியது, வரைந்தவர் அப்போதைய ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி. பத்து வருசம் கழித்து, 1867இல், அதன் தலையில் விளக்கையும் ஏற்றி வெளிச்சவீடாக்கிவிட்டார்கள். பிறகு சுற்றிவரக் கட்டடங்கள் உயர உயரக் கடலில் வருகிற கப்பலுக்கு விளக்குத் தெரியாமல் போனது. 1952இல் அதை அணைத்துவிட்டுக் கடற்கரையோரம் புதிய வெளிச்சவீடு கட்டினார்கள், கீழே நாலு சிங்கம் இருக்கிறதே, அதுதான். பிள்ளைகளை நடைபாதையில் நிறுத்தி, கடல் எந்தப் பக்கம் என்று காட்டச் சொல்லுங்கள். பாதிப்பேர் பிழையான பக்கம் காட்டுவார்கள். அந்த விளக்கு ஏன் பிரயோசனமில்லாமல் போனது என்று அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

கோட்டை என்கிறோம், கோட்டையைக் காணோம். போர்த்துக்கேயர் கட்டியதை ஒல்லாந்தர் 1656இல் பிடித்து மாற்றிக் கட்டினார்கள், 1796இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது, 1870ஐ ஒட்டி மதிலை இடித்துத் தள்ளிவிட்டார்கள், நகரம் பெருக மதில் தடையாக இருந்ததாம். மிஞ்சிய துண்டுகளைத் தேடிப் போவதுதான் இந்த நடையின் ருசி. டெல்ஃப்ட் வாசல் என்று ஒல்லாந்தர் காலத்து வாசல் ஒன்று பிரிஸ்டல் வீதியில் கொமர்ஷல் வங்கிக் கட்டடத்துக்குள் அகப்பட்டு நிற்கிறது. தடித்த சுவர், வளைந்த நுழைவாயில், அதற்குப் பக்கத்திலே வங்கி. காவலாளியிடம் பணிவாகக் கேட்டுவிட்டுப் பாருங்கள்.

அப்புறம் சிலின்கோ கட்டட வளவுக்குள் ஒரு சின்ன அறை. கூரை கவிந்த, ரெண்டு பேர் நின்றால் நிறைந்துவிடுகிற மாதிரி ஒரு கூடு. 1815இல் பிடிபட்ட கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை அடைத்துவைத்த இடம் என்று சொல்வார்கள். அடைத்த இடம் இதுதானா என்று சரித்திரக்காரர் சிலர் சந்தேகப்படுகிறார்கள், அதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். நாயக்கர் வம்சத்து அரசன், வேலூருக்குக் கொண்டுபோகப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். இந்தக் கதையைக் காலையிலேயே சொல்லி வைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மத்தியானம் நூதனசாலைக்குப் போனால் அவனுடைய சிம்மாசனம் கண்முன்னால் இருக்கும். காலையில் கூட்டைப் பார்த்த பிள்ளை அந்தக் கதிரைக்கு முன்னால் நிற்கிற விதமே வேறு. பேசிய வழிகாட்டி வேறு ஒழுங்கில் கூட்டிப்போகப் பார்த்தாலும் இந்த ஒழுங்கை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலையில் பத்து நிமிடம் இருக்கலாம். பதினேழாம் நூற்றாண்டுக் கட்டடம், 2011இல் திருத்தி உணவகமும் கடையுமாக ஆக்கியிருக்கிறார்கள். முற்றத்தைப் பாருங்கள், சுவரின் தடிப்பைப் பாருங்கள். கடை திறந்திருந்தால் மலசலகூடத்துக்குப் போய்விடுங்கள், இதற்குப் பிறகு வெகுநேரத்துக்கு ஒழுங்கான இடம் கிடையாது.

யோர்க் வீதியால் நடந்தால் கார்கில்ஸின் சிவப்பும் வெள்ளையுமான கட்டடம், அதைத் தாண்டித் துறைமுக வாசலருகே 1875இல் திறந்த கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டல். மேல்மாடி உணவகத்திலிருந்து துறைமுகம் முழுக்கத் தெரியும், தேத்தண்ணி குடிக்கலாம், படம் எடுக்க விடமாட்டார்கள்.

புறக்கோட்டை முதல் கொச்சிக்கடை வரை

இங்கே வரும்போது எட்டே முக்கால், ஒன்பது ஆகியிருக்கும். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்புப் பள்ளிவாசல். எங்கள் ஆட்கள் சம்மாங்கோட்டுப் பள்ளி என்றுதான் சொல்வார்கள். 1908இல் தொடங்கி அடுத்த வருசம் முடித்தார்கள். சிவப்பு வெள்ளைக் கோடு, மாதுளம்பழம் மாதிரிக் கும்பம். பிள்ளைகள் கேக் என்பார்கள், விடுங்கள். தொழுகை இல்லாத நேரத்தில் கேட்டால் உள்ளே விடுவார்கள், தலையை மூடிக்கொண்டு காலைக் கழுவிப் போங்கள். வெள்ளி மத்தியானம் எட்டியும் பார்க்க வேண்டாம். முழுப் படமும் ஒரே சட்டத்துக்குள் வர வேண்டுமென்றால் எதிர்ப்பக்கக் கடைச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அப்போதும் உச்சி வெட்டுப்படும். முன்பக்கத்தை மட்டும் எடுங்கள்.

பிரின்ஸ் வீதியில் ஒல்லாந்தர் நூதனசாலை இருக்கிறது, ஒல்லாந்த ஆளுநர் தோமஸ் வான் றே இருந்த வீடு. பிறகு அது வைத்தியசாலை, பொலிஸ் பயிற்சிக் கூடம், தபால் கந்தோர் என்று பல வேசம் போட்டுவிட்டு 1982இல் நூதனசாலையானது. இரும்பு, பிளாஸ்டிக் சாமான் கடைகளுக்கு நடுவில் பெரிய தூண்களோடு நிற்கும். நடு முற்றத்தில் ஒரு கிணறு. உள்ளே போக நினைத்தால் முதல்நாள் அழைத்துத் திறப்பார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள், கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த அனுபவம் எனக்குண்டு.

பிரதான வீதியால் நடந்து கைமன் வாசலுக்கு வந்தால் தனியாக நிற்கிற, மணி தொங்குகிற பழைய கூண்டு ஒன்று. கைமன் என்றால் ஒல்லாந்த மொழியில் முதலை. அந்தக் காலத்தில் கோட்டைப் பக்கத்து நீரில் முதலை இருந்ததாம். பக்கத்திலேயே 1873இல் கட்டிய பழைய நகர மண்டபம், மேலே அந்தக்கால மாநகர சபைக் கூட்டம் நடக்கிற மாதிரி மேசையைச் சுற்றி உருவப் பொம்மைகளை இருத்தி வைத்திருக்கிறார்கள். தூசும் இருட்டும் கொஞ்சம் பேய்வீடு மாதிரி. கதையைவிடப் பிள்ளைகளுக்கு இது பிடிக்கும்.

அங்கிருந்து செட்டியார் தெரு. நகைக்கடைகள் திறந்திருக்கும், மாமிமார் நிற்பார்கள், இருபது நிமிடம் அதிகம் என்று சொல்லிவிடுங்கள், அரை மணித்தியாலம் ஆகும். இந்தத் தெருவிலுள்ள கதிரேசன் கோயில்களிலிருந்துதான் ஆடிவேல் இரதம் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் வருகிறது. வருசா வருசம் நம் வீட்டு வாசலால் போகிற வேல் எங்கேயிருந்து புறப்படுகிறது என்று பார்க்க வந்த பெரியம்மா, வாசற்படியில் இருந்துகொண்டு, சின்ன வயதில் தகப்பனோடு தேர் பார்க்க வந்த கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். இப்படி நேரம் போக இடம் விட்டுத்தான் திட்டம் போட வேண்டும்.

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்கு மத்தியானப் பூசை முடிந்து நடை சாத்துவதற்குள் போய்விடுங்கள். பொன்னம்பல முதலியார் 1857இல் கட்டிய கோயிலை அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907க்கும் 1912க்கும் இடையில் முழுக்கக் கருங்கல்லால் திரும்பக் கட்டினார். கொழும்பில் வர்ணம் பூசிய கோபுரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தக் கறுப்புக் கல் வேறு உலகம். உள்ளே கருங்கல் தூண்களுக்கு நடுவே குளிர்ச்சி, எண்ணெய் மணம், வெளிச்சம் மெல்ல மெல்லத்தான் கண்ணுக்குப் பழகும். வெளிவீதிக் கல் பத்தரை மணிக்கே அடுப்பு மாதிரிச் சுடும், அதற்குத்தான் காலுறை.

பக்கத்தில் புனித அந்தோனியார் ஆலயம். சைவம், வேதம், இஸ்லாம், பௌத்தம் என்று எல்லாரும் வந்து மெழுகுதிரி கொளுத்துகிற இடம், செவ்வாய்க்கிழமைகளில் சனம் நெருக்கும். 2019 உயிர்த்த ஞாயிறு அன்று இங்கே குண்டு வெடித்தது. இறந்தவர்களை நினைவுகூருகிற இடமும் உள்ளே இருக்கிறது. பிள்ளைகளிடம் கைத்தொலைபேசியைப் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள். வழிகாட்டியும் இங்கே அதிகம் கதைக்காமல் இருந்தால் நல்ல வழிகாட்டி.

இத்தோடு அவருக்குக் காசைக் கொடுத்து அனுப்பிவிடலாம். கூடவே ஒரு தொகை சந்தோசத்துக்குக் கொடுங்கள், தகும்.

உச்சி வெயில்: நூதனசாலை

சாப்பாட்டை எங்கே வேண்டுமானாலும் முடியுங்கள், ஆனால் பாரமாகச் சாப்பிட வேண்டாம், பிரியாணி சாப்பிட்ட அத்தான் நூதனசாலை வாங்கில் நித்திரை கொண்டார். கொச்சிக்கடையிலிருந்து ஆட்டோதான் சரி. கோட்டை ரயில் நிலையப் பக்கமிருந்து என்றால் 138 பஸ் நூதனசாலைப் பக்கமாகப் போகும்.

வெள்ளைக் கட்டடம், முன்னால் விழுது விட்ட பெரிய மரம், அதற்கருகே ஆளுநர் கிரெகரியின் சிலை. 1877 ஜனவரி முதலாம் திகதி திறந்தது. கட்டிய ஒப்பந்தக்காரர் வாப்பிச்சி மரைக்கார் என்ற முஸ்லிம். திறப்பு விழாவில் என்ன கைமாறு வேண்டும் என்று கேட்டதற்கு, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையைப் பூட்டுங்கள் என்று மட்டும் கேட்டார் என்று ஒரு கதை உண்டு. வெகுகாலம் வெள்ளிக்கிழமை பூட்டித்தான் இருந்தது.

உள்ளே எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள், மூன்று போதும். முதலாவது காலையில் சொன்ன சிம்மாசனம். 1693இல் ஒல்லாந்தர் கண்டி அரசனுக்குக் கொடுத்தது, 1815க்குப் பிறகு இங்கிலாந்துக்குப் போய் 1934இல்தான் கிரீடத்தோடு திரும்பி வந்தது. இரண்டாவது பொலனறுவையில் கிடைத்த சைவ வெண்கலங்கள், நடராசரும் நாயன்மாரும். கண்ணாடிக்கு முன்னால் குனிந்து அந்தப் பாதத்தை மட்டும் ஒரு நிமிடம் பாருங்கள்.

மூன்றாவதுதான் என் விருப்பம், அதற்காகவே நான் இன்னும் போகிறேன். காலியில் 1911இல் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்தளபதி செங் ஹ கப்பற்படையோடு கொண்டுவந்தது, சீனத்துத் திகதி 1409. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை வைக்கிறது, பாரசீகப் பகுதி அல்லாவைப் போற்றுகிறது, தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாருக்கு, அதாவது தெற்கே தேவந்துறையிலிருந்த கடவுளுக்கு. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அறுநூறு வருசத்துக்கு முன் இந்தக் கடலில் வியாபாரம் செய்ய வருகிறவன் தமிழிலும் எழுத வேண்டியிருந்தது. எழுத்துத் தேய்ந்திருக்கிறது, பக்கவாட்டில் நின்று வெளிச்சம் சரிவாக விழுகிற கோணத்தில் பார்த்தால் கொஞ்சம் பிடிபடும். டொரொண்டோவில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அழுதுகொண்டு போகிற அத்தானின் மகள், அதில் ஒரு எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டுத் தகப்பனைக் கூப்பிட ஓடினாள். "ன"வா "ண"வா என்று இருவருக்கும் சண்டை.

பின்னேரம்

நாலு மணிக்கு வெயில் தணியும். நூதனசாலைக்கு அருகிலேயே விகாரமகாதேவி பூங்கா, பழைய பெயர் விக்டோரியா பூங்கா. இந்தப் பகுதியைக் கறுவாத்தோட்டம் என்று சொல்வது சும்மா இல்லை, ஒல்லாந்தர் கறுவா பயிரிட்ட நிலம் இது. மரநிழலில் அரை மணித்தியாலம் பெரியவர்கள் காலை நீட்டட்டும், பிள்ளைகள் ஓடட்டும். எதிரே வெள்ளைக் கும்பத்தோடு நகர மண்டபம். நேரமிருந்தால் பேர வாவியில் சீமா மாலக்க, ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது. மகனை இழந்த முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் கொடுத்த காசில் எழுந்த பௌத்த மண்டபம். தாமரைக் கோபுரத்தை ஏறாமலே பார்க்கலாம், எங்கே நின்றாலும் தெரிகிறது. பிள்ளைகள் அடம்பிடித்தால் இன்னொரு நாள் இரவில் கூட்டிப்போங்கள்.

ஐந்தரைக்குக் காலி முகத்திடல். பட்டம், இறால் வடை, மிளகாய்த்தூள் போட்ட அன்னாசி எல்லாம் எல்லாருக்கும் தெரியும். கடையில் சனம் நிற்கிற பக்கம் வாங்குங்கள், வடை சுடச்சுட வரும். யாரும் பார்க்காத ஒன்றைத் தேடிப் பாருங்கள்: இந்தத் திடலை 1859இல் முடித்த ஆளுநர் வார்ட் வைத்த நினைவுக் கல். கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக இதைப் பின்வரும் ஆளுநர்கள் பேண வேண்டும் என்று அதில் வெட்டியிருக்கிறது. இதை நான் வாசித்துச் சொன்னபோது பெரியம்மா இறால் வடையைக் கடித்துக்கொண்டே, "அப்ப இந்த ஆம்பிளையள் எல்லாம் என்னத்துக்கு இங்க நிக்கினம்?" என்றார். மணிக்கூட்டுக் கோபுரம் வரைந்தது அவருடைய மனைவி என்று காலையில் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். "அப்ப மனிசி சொல்லித்தான் செய்திருப்பார்" என்று முடித்துவிட்டார்.

இன்னொரு நாள் இருந்தால்: தோட்டம்

பேராதனைக்குப் போக நேரமில்லாதவர்கள் கம்பஹா ஹெனரத்கொடைத் தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம், கொழும்பிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர். 1876இல் றப்பருக்காகவே தொடங்கியது. பிரேசிலில் சேர்த்த விதை லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அங்கே வெப்பம் போதாது என்று நாற்றாகக் கப்பலேறி இங்கே வந்தது. ஆசியாவில் றப்பர் முதலில் வேர்விட்ட இடங்களில் இது ஒன்று, பிறகு களுத்துறை, கேகாலைத் தோட்டங்களில் விடியற்காலையில் பால்வெட்டப் போன எங்கள் சனத்தின் கதையும் இந்த நாற்றிலிருந்துதான் வருகிறது. மலையகத்துச் சொந்தம் யாராவது கூட வந்தால் அவர்களைப் பேசவிடுங்கள், மரத்தில் கத்தி எந்தச் சரிவில் போக வேண்டும் என்று பலகையில் எழுதியிருக்காது.

கிட்டவே வேண்டுமென்றால் கோட்டேயில் பெத்தகான ஈரநிலப் பூங்கா, விடியற்காலையில் போனால்தான் பறவை.

கம்பஹாவுக்கு ரயிலில் போங்கள், வான் வேண்டாம். காலையில் சனமெல்லாம் கொழும்புக்கு வரும், நீங்கள் எதிர்ப்பக்கம் போகிறீர்கள். பின்னேரம் சனம் திரும்பிப் போகும், நீங்கள் வருகிறீர்கள். ரெண்டு பக்கமும் இருக்க இடம் கிடைக்கும், பெரியம்மாவுக்கு யன்னலோரமும் கிடைக்கும்.